மருந்துச்சீட்டைப் படிக்கும் இரண்டாவது ஆள்

மாலை ஏழு மணி. கூட்டம் நெரியும் ஒரு மருந்துக்கடை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வருகிறார். "பாப்பாவுக்குக் காய்ச்சல். போன தடவை பாராசிட்டமால் சிரப் குடுத்தீங்களே, அதையே குடுங்க." சிரப் தீர்ந்துவிட்டது. சொட்டு மருந்துதான் இருக்கிறது. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று விற்பனைப் பையன் அதை எடுத்து நீட்டப் போகிறான். உள்ளே சரக்குச் சரிபார்த்துக்கொண்டிருந்த இளம் மருந்தாளுநர் எழுந்து வருகிறார்.

"அக்கா, பாப்பா எத்தனை கிலோ?"

"போன வாரம் ஊசி போடப் போனப்ப எட்டு கிலோன்னாங்க."

"சிரப் எவ்வளவு குடுப்பீங்க?"

"டாக்டர் அஞ்சு எம்எல் எழுதியிருந்தாரு. அந்த மூடியில அளந்து குடுப்பேன்."

"இதுல அஞ்சு எம்எல் குடுத்துடாதீங்கக்கா. இது சொட்டு மருந்து. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, எவ்வளவுன்னு எழுதித் தர்றேன்."

அவர் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்கிறார். மருந்துப் பெட்டியின் மேல் பேனாவால் "1.2 எம்எல்" என்று பெரிதாக எழுதுகிறார். உள்ளே இருக்கும் சொட்டுக்குழாயை எடுத்து, எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று காட்டுகிறார். மொத்தம் இரண்டு நிமிடம்தான் ஆகிறது.

அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பாருங்கள். குழந்தைகளுக்கு அதிகம் தரப்படும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். சொட்டு மருந்திலோ ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். பழைய பழக்கத்தில் ஐந்து மில்லி சொட்டு மருந்தை அளந்து ஊற்றியிருந்தால் அந்தக் குழந்தைக்குப் போயிருப்பது 500 மில்லிகிராம். பெரியவர்கள் விழுங்கும் ஒரு முழு மாத்திரைக்குச் சமம். ஒரே வேளையில் நான்கு மடங்குக்கும் மேல். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று தாய் தொடர்ந்து கொடுத்திருந்தால், ஈரல் கெட்டுப்போகும் அபாயம் வரை அது போயிருக்கும்.

மருத்துவர் சரியாகத்தான் எழுதினார். மருந்தும் நல்ல மருந்துதான். தாயும் அக்கறையுள்ளவர். ஆனாலும் தவறு நடக்க இருந்தது. அதைத் தடுத்தவர், மருந்துச்சீட்டை இரண்டாவது ஆளாக நின்று படித்தவர். மருந்தாளுநர் என்ற தொழிலின் சாரம் இதுதான். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளில் "அடுத்து என்ன?" என்ற பேச்சு நடக்கும்போது பார்மசி படிப்பும் பட்டியலில் வருகிறது. கூடவே ஒரு மூட்டைக் குழப்பமும் வருகிறது. "மெடிக்கல் வைக்கலாம்ல?" என்பதில் தொடங்கி, "சர்டிபிகேட்டைக் குடுத்தா மாசம் ஒரு தொகை வரும்" என்பது வரை சொல்லப்படுகிறது. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

உரிமம் கடைக்கு, பதிவு ஆளுக்கு

முதல் குழப்பம் இது: மருந்துக்கடை உரிமையாளரும் மருந்தாளுநரும் ஒருவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மருந்து விற்பதற்கான உரிமம் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின்கீழ் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையால் கடைக்கு வழங்கப்படுகிறது. கடைக்கு இடம் வேண்டும், குளிர்பதனப் பெட்டி வேண்டும், கணக்கு வேண்டும். முதலீடு போடுபவர் யாராகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரின் கையால் அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். இந்தப் பதிவு 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டத்தின்கீழ், மாநில பார்மசி கவுன்சிலால் தனி ஆளுக்கு வழங்கப்படுகிறது. பதிவில்லாதவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது, சிறைத் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றம்.

இரண்டு சட்டங்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கலப்பட மருந்தும் போலி மருந்தும் சந்தையில் மலிந்திருந்த காலத்தில், 1930-இல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மருந்துக்குச் சட்டமும் மருந்து கொடுப்பவருக்கு முறையான படிப்பும் வேண்டும் என்றது அந்தக் குழு. 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் பார்மசி படிப்புக்கு வித்திட்டார். அதுவரை மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவர் கம்பவுண்டர். அரசு ஆஸ்பத்திரியில் மிக்சர் வாங்கிய தலைமுறைக்கு அவரைத் தெரியும். பாட்டிலின் பக்கவாட்டில், வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டித் தருவாரே, அவர்தான். அந்தக் காகிதத் துண்டின் வேலையைத்தான், நம் மருந்தாளுநர் பெட்டியின்மேல் எழுதிய "1.2 எம்எல்" இன்று செய்கிறது. கருவி மாறினாலும் பொறுப்பு அதேதான்.

மூன்று படிப்புகள், மூன்று திசைகள்

அடுத்த குழப்பம் படிப்புகளின் பெயர்களில். டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி. மூன்றில் எதை முடித்தவரும் மருந்தாளுநராகப் பதிவு செய்யலாம். ஆனால் மூன்றும் ஒரே வேலைக்கான மூன்று விலை டிக்கெட்டுகள் அல்ல. அவை போகும் திசை வேறு.

டி.பார்ம் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு. அதன்பிறகு மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி பெற வேண்டும். மருந்து கொடுக்கும் பணிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தும் படிப்பு இது. பட்டயம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற விதியை இந்திய பார்மசி கவுன்சில் 2022-இல் கொண்டுவந்தது. சேரும் ஆண்டில் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். எனவே குடும்பச் சூழலால் சிறிய படிப்பில் தொடங்குபவருக்கு வாசல் அடைபட்டுவிடுவதில்லை.

பி.பார்ம் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. மருந்து உடலில் என்ன செய்கிறது என்று சொல்லும் மருந்தியல், மூலக்கூறுகளைப் பற்றிய மருந்து வேதியியல், மாத்திரையாகவும் ஊசியாகவும் மருந்தை உருவாக்கும் மருந்தாக்கவியல், தாவரங்களிலிருந்து மருந்து எடுக்கும் கலை என்று பல துறைகள் இதில் வரும். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் படித்தவரும் சேரலாம், கணிதம் படித்தவரும் சேரலாம். உயிரியல் பிள்ளைகளுக்குக் கணிதமும், கணிதப் பிள்ளைகளுக்கு உயிரியலும் முதல் பருவத்திலேயே அடிப்படையாகச் சொல்லித் தரப்படும். ஆகவே "நான் மேத்ஸ் குரூப், எனக்கு ஆகாது" என்று தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை, நீட் தேர்வு இல்லை. சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளில் பார்மசி கல்லூரிகள் இயங்குகின்றன.

பார்ம்.டி, 2008-இல் இந்தியாவுக்கு வந்த ஆறு ஆண்டுப் படிப்பு. ஐந்து ஆண்டு வகுப்பு, ஓர் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. நோயாளியின் படுக்கையருகே நின்று மருத்துவக் குழுவோடு வேலை செய்யப் பழக்கும் படிப்பு. வயதான ஒருவருக்குச் சர்க்கரைக்கு ஒரு மருத்துவரும் இதயத்துக்கு ஒருவரும் மூட்டு வலிக்கு ஒருவரும் தனித்தனியே மருந்து எழுதியிருப்பார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு மாத்திரைகளில் எது எதோடு மோதும் என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதுதான் மருத்துவமனை மருந்தாளுநரின் வேலை. பெரிய தனியார் மருத்துவமனைகள் இதற்கு ஆள் எடுக்கின்றன. பெரும்பாலான மருத்துவமனைகளில் இப்படியொரு பணியிடமே இன்னும் வரவில்லை. ஆறு ஆண்டு செலவழிக்கப் போகிறவர் இந்த உண்மையை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறது?

பார்மசி என்றால் கடை மட்டும்தான் என்ற எண்ணம் மூன்றாவது குழப்பம்.

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்தாளுநர்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு டி.பார்ம் தகுதியே போதும். அரசு மருத்துவமனை மருந்தாளுநர் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர் மட்டுமல்லர். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. பிற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருந்தாளுநர். பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி மிச்சம், எது எப்போது காலாவதி ஆகும் என்று அவர் பார்த்துக் கேட்டு வாங்கி வைத்தால்தான், நள்ளிரவில் கடிபட்டு வருபவருக்கு மருந்து இருக்கும்.

பி.பார்ம் முடித்தவர்களுக்கு டிஎன்பிஎஸ்சி வழியாக மருந்து ஆய்வாளர் பணி இருக்கிறது. கடைகளையும் தொழிற்சாலைகளையும் சோதித்து, மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, தவறு கண்டால் வழக்குத் தொடுக்கும் பொறுப்பு அவருடையது. தொழிற்சாலையில் உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, தர உறுதிப்பாடு என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மருந்தின் பக்கவிளைவுகளைச் சேகரித்து ஆராயும் வேலை, வெளிநாடுகளில் அனுமதி பெறுவதற்கான ஆவணங்கள் தயாரிக்கும் வேலை என்று அலுவலகப் பணிகளும் சென்னை போன்ற நகரங்களில் கிடைக்கின்றன. ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர் ஜிபேட் தேர்வு எழுதி எம்.பார்ம் படிக்கலாம்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆவதற்கான தகுதித் தேர்வை எழுத, 2003-க்குப் பிறகு பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பார்மசி படிப்பு படித்திருக்க வேண்டும். நான்காண்டு பி.பார்ம் அதற்குப் போதாது. பிரிட்டன், கனடா, வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றுக்கும் தனி விதியும் தனித் தேர்வும் உண்டு. இங்கே வாங்கிய பட்டத்தோடு அங்கே போய் இறங்கியவுடன் யாரும் மருந்தாளுநர் ஆகிவிட முடியாது. ஏஜென்ட் பேச்சை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், அந்தந்த நாட்டுக் கவுன்சிலின் விதியை நேரடியாகப் படித்துவிட வேண்டும்.

தரம் என்ற சொல்லின் எடை

தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலை நம் கண்ணில் படுவதில்லை. அது தவறும்போதுதான் அதன் எடை தெரிகிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில், கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இது புதிய விபத்தும் அல்ல. 1937-இல் அமெரிக்காவில் இதே நச்சில் கரைத்து விற்ற ஒரு சல்பா மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகுதான் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் நச்சு கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்டு 14 பேர் இறந்தார்கள். இந்தியாவில் நடந்த இந்த இரண்டிலும் தவறு நடந்த இடம் ஒன்றுதான்: மூலப்பொருள் பீப்பாயைத் திறந்ததும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டியவர் சோதிக்கவில்லை, அல்லது சோதிக்க விடப்படவில்லை. பி.பார்ம் படித்துத் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் சேரும் ஒருவர் "இந்தப் பீப்பாய் தேறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடும் துணிவோடு இருந்தால், அவர் முகமே அறியாத பிள்ளைகள் பிழைப்பார்கள். கடையில் சீட்டைப் படிப்பதும் ஆய்வகத்தில் பீப்பாயைச் சோதிப்பதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள்.

வாடகைக்கு விடப்படும் பெயர்

இனி, எல்லோருக்கும் தெரிந்தும் வெளியே பேசாத விஷயத்துக்கு வருவோம். சான்றிதழை வாடகைக்கு விடுவது. மருந்தாளுநரின் பெயர் கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். ஆள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். மாதத்துக்கு ஒரு சிறு தொகை அவருக்குப் போய்ச் சேரும். மருந்து கொடுப்பது நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்.

இதில் யாருக்கும் நட்டமில்லை என்று சொல்வார்கள். முதல் காட்சிக்குத் திரும்புங்கள். அந்த இளம் மருந்தாளுநர் கடையில் இல்லாமல், அவர் பெயர் மட்டும் சுவரில் தொங்கியிருந்தால், சொட்டு மருந்து அப்படியே போயிருக்கும். இன்சுலினை எடுத்துக்கொள்வோம். சில குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிலவற்றில் 100 யூனிட். 40-க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100-க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியோடு சிவப்பு மூடி ஊசியைக் கொடுத்துவிட்டால், இருபது யூனிட் என்று நினைத்துப் போட்டுக்கொள்பவரின் உடலுக்குள் ஐம்பது யூனிட் போகும். சர்க்கரை சடாரென்று இறங்கி மயங்கி விழுவார். மூடியின் நிறத்தைப் பார்க்கத் தெரிந்த ஆள் அங்கே இருக்க வேண்டும். சட்டம் மருந்தாளுநரைக் கேட்பது அதற்காகத்தான்.

வாடகை முறை படித்தவருக்கே கேடு என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெயரை அற்பத் தொகைக்கு வாங்க முடியும் என்றால், முழு நேரம் நிற்கும் ஆளுக்கு முதலாளி ஏன் நல்ல சம்பளம் தரப் போகிறார்? கடைகளில் மருந்தாளுநர் சம்பளம் மிகக் குறைவாக இருப்பது உண்மை. அதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே தங்கள் பெயரை மலிவாக விற்றதுதான். தவறு நடந்து வழக்கு வந்தால், சுவரில் இருக்கும் பெயர்தான் முதலில் அழைக்கப்படும். முதலாளி வேறு பெயரைத் தேடிக்கொள்வார். பதிவை இழந்தவர் மருந்தாளுநராக வேலை செய்ய முடியாது.

கடை வைக்க நினைப்பவருக்கு

சொந்தக் கடை நல்ல கனவுதான். பதிவுபெற்றவரே உரிமையாளராக, தானே நின்று கொடுக்கும் கடையை ஊர் நம்பும். ஆனால் தள்ளுபடி தரும் சங்கிலிக் கடைகளும் இணைய விற்பனையும் வந்துவிட்ட பிறகு, விலையை மட்டும் நம்பிச் சிறு கடை நிற்க முடியாது. அது நிற்பது ஆலோசனையில். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுங்கள், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு சேர்க்காதீர்கள் என்று சொல்லும் ஆளைத் தேடி மக்கள் திரும்ப வருவார்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. டி.பார்ம், பி.பார்ம் முடித்தவர்கள் தொழில்முனைவோராக அவற்றை நடத்த மூன்று லட்சம் ரூபாய் மானியமும் அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட வாய்ப்புகளைத் தேடிப் பார்க்கலாம்.

கடையில் நிற்பவர் "இல்லை" என்று சொல்லவும் பழக வேண்டும். பல ஆன்டிபயாடிக்குகள் எச்1 பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "சளிக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா" என்று சீட்டில்லாமல் வரும் பெரியவரிடம், "ஐயா, இதை டாக்டரைப் பாக்காம குடுக்கக் கூடாது" என்று பணிவாகச் சொல்லி அனுப்புவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதி. அன்றைய வியாபாரத்தில் நூறு ரூபாய் குறையும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஊரில் பெருகாமல் இருக்கும்.

சேரும் முன்

கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும் இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா? அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தால் பதிவே கிடைக்காது, பட்டம் வெறும் காகிதமாகிவிடும். பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே உண்மையில் வேலை கற்றுத் தரப்படுகிறதா? வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு போடும் கல்லூரியா? அப்படி என்றால் விலகிவிடுங்கள். அது சான்றிதழ் வாடகைக்கான முதல் பாடம். கடைசியாக, அங்கே படித்து முடித்த மூத்தவர்கள் இரண்டு பேரைத் தேடிப் பேசுங்கள். கல்லூரி விளம்பரம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மருத்துவம் கிடைக்காததால் பார்மசி என்று பிள்ளையிடம் சொல்லிச் சேர்க்காதீர்கள். தோற்றுப்போன மனதோடு உள்ளே போகும் பிள்ளை, அளவைச் சரிபார்க்கும் அந்த இரண்டு நிமிடத்தின் மதிப்பை உணராமலே போய்விடும்.

இந்தத் துறைக்கு வரப்போகும் தம்பிக்கும் தங்கைக்கும் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பெயரைச் சுவரில் மாட்டக் கொடுத்தால், அது மாட்டியிருக்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். வாசகர்களும், அடுத்த முறை மருந்து வாங்கும்போது "பார்மசிஸ்ட் இருக்காங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இருந்தால், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று அவரிடமே கேட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் கூடக் கூட, பெயரை மட்டும் வைத்துக் கடை நடத்துவது முடியாமல் போகும்.